நீர் எட்டு

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வது நல்லது. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிப்பாள். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு மதியம் காதும் மூக்கும் சேர்ந்தே சிவந்தன.

பள்ளியில் மதியம் ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி உண்டு. கடைத்தெரு பேக்கரியிலிருந்து வரும். ஐந்தாம் வகுப்பில் மூக்கன் என்று ஒரு பையன். தண்ணீரைக் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அவன் ரொட்டியை முகர்ந்தான். திருப்பி மறுபக்கத்தையும் முகர்ந்தான். தட்டில் போட்டுவிட்டான்.

"இன்னைக்கும் புகை நாத்தம். மூணு நாளா இதே கதைதான்."

"அடுப்புக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு," என்றாள் எதிரில் இருந்தவள்.

"ஏன்னு தெரியுமா?" மூக்கன் கடுகைக் கை காட்டினான். "இவங்கம்மா விக்கிற குப்பையைத்தான் பேக்கரியில எரிக்கிறாங்க. முதலாளியே சொல்லிட்டாரு. எங்கப்பா ரொட்டி வாங்கப் போனப்ப, வரிசையில நின்ன எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னாராம். குப்பையை எரிச்சா குப்பை வாசனைதானே வரும்னு."

"அது குப்பை இல்ல," என்றாள் கடுகு.

"பின்ன என்ன? மரத்தூள், கடலைத் தோல், சோளத் தக்கை. எல்லாம் தூக்கிப் போடுறதுதானே?"

"பென்சில் சீவுறப்ப வர்ற சுருளைக்கூடத்தான் தூக்கிப் போடுற. அது மட்டும் என்ன, இரும்பா? அதுவும் பென்சில் செஞ்ச அதே மரம்தானே?"

மூக்கன் யோசித்தான். "ரொட்டி நாறுதா இல்லையா, அதைச் சொல்லு," என்றான்.

கடுகு தன் ரொட்டியைக் கடித்தாள். நாறியது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். இரண்டு துண்டையும் மென்று விழுங்கினாள். மூக்கன் போட்ட துண்டையும் எடுத்துத் தின்றாள். வகுப்பே அவளை வேடிக்கை பார்த்தது.

பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்கு ஓடினாள்.

அம்மாவின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. தச்சர்கள் பெருக்கிக் கொட்டும் மரத்தூள், அறுவடை முடிந்த வைக்கோல், கடலைத் தோல், சோளத் தக்கை எல்லாம் அங்கே வந்து சேரும். வெயிலில் காய்ந்து, அரைபட்டு, சல்லடையில் சலிபட்டு, இயந்திரத்தின் வாய்க்குள் போகும். இயந்திரம் அதைச் சூடாக்கி ஒரு நெருக்கு நெருக்கும். பசை ஒரு சொட்டுகூடக் கிடையாது. மறுபக்கத்தில் முழங்கை நீளத்துக்குப் பழுப்பு உருளையாக வெளியே வரும். நடுவில் துளை, மேலே மெழுகு பூசியது போலப் பளபளப்பு. அதற்குச் சக்கைக்கட்டை என்று பெயர். விறகுக்குப் பதில் அதை எரிக்கலாம். அதற்காக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம்.

எப்போதும் கடகடவென்று ஓடும் இயந்திரம் அன்று நின்றிருந்தது. அம்மா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். புருவமெல்லாம் தூள். கூட வேலை செய்யும் சல்லடை அத்தை சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பேக்கரிக்காரர் போன் பண்ணினாரு. நாளைக்குக் காலையில விறகு லாரி வருதாம். இனிமே கட்டை வேண்டாமாம். மிச்ச மூட்டையைச் சாயங்காலமே எடுத்துட்டுப் போகணுமாம்."

"இப்பத்தான் ஒரு பெரிய இடம் கிடைச்சுது," என்றாள் சல்லடை அத்தை. "ரெண்டு டீக்கடையை வெச்சுக்கிட்டு இந்த மெஷினை ஓட்ட முடியுமா? ஊர் பூரா நாத்தம்னு சொல்லிட்டான். இனி எவன் வாங்குவான்? நான் வேற வேலை பாக்க வேண்டியதுதான்."

"நீ போய்க் கேட்டியாம்மா?"

"காலையிலயே போனேன். அடுப்பை ஒரு தடவை பாக்கிறேன்னு சொன்னேன். குப்பை அள்ளுற கையோட ரொட்டிக்கடைக்குள்ள வராதீங்கன்னுட்டாரு."

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். போவதற்கு முன்னால் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கைகள். நகத்துக்கு அடியில்கூட அழுக்கு இல்லை.

கடுகுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"வயல்ல வைக்கோலைக் குவிச்சு வெச்சுக் கொளுத்துறாங்க. மூணு நாளைக்கு ஊரே இருமுது. அவங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? அதே வைக்கோலை நீ வாங்கிட்டு வந்து புகையில்லாம எரியிற மாதிரி செஞ்சா, உன்னைக் குப்பைங்கிறாங்க. இது என்னம்மா நியாயம்?"

"நியாயம் இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் புரியல." அம்மா எழுந்து ஒரு கட்டையை ஒடித்தாள். 'டக்' என்று ஒடிந்தது. துண்டை மூலையில் இருந்த சின்ன அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். மஞ்சளாய், நேராய், நின்று எரிந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"பாத்தியா? போன வாரம் அனுப்பினப்ப பேஷா எரியுதுன்னாங்க. திங்கட்கிழமை அனுப்பின இருபது மூட்டையிலதான் புகையாம். ரெண்டும் ஒரே தூள். ஒரே மெஷின்."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீ போகாத. சண்டை போடுவ."

"சும்மா கேட்டுட்டு வரேம்மா."

"நீ சும்மா கேட்டு நான் பாத்ததே இல்லையே," என்றாள் சல்லடை அத்தை.

அதற்குள் கடுகு இரண்டு கட்டைத் துண்டுகளைப் புத்தகப் பையில் திணித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

பேக்கரியின் முன்பக்கம் கண்ணாடி, விளக்கு, வரிசை. பின்பக்கம் ஒரு சந்து. அடுப்பின் வாய் அந்தச் சந்துப் பக்கம்தான் இருந்தது. அங்கே ஓட்டுச் சார்ப்பின் கீழ், கவிழ்த்த தகர டின் மேல் ரொட்டி மாஸ்டர் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். அடுப்பின் வாயிலிருந்து சாம்பல் நிறப் புகை சோம்பலாக வெளியே வந்து சந்து முழுவதும் படுத்துக்கொண்டது.

"இந்தப் பக்கம் நிக்காத பாப்பா. புகை."

"அந்தப் புகையைப் பாக்கத்தான் வந்தேன். கட்டை செய்யறவங்க பொண்ணு நான்."

மாஸ்டர் இருமினார். "அடடா. உங்கம்மா மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. முதல் வாரம் ஜோரா எரிஞ்சுது. இந்த வாரம்தான் பத்தவே மாட்டேங்குது. ஊதி ஊதி என் நெஞ்சே போச்சு. இத்தனைக்கும் சொன்னபடிதான் செய்யறேன்."

"யாரு சொன்னபடி?"

"இரு, அடுத்த மூட்டையை இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன். பாரு."

அவர் ஒரு மூட்டையைப் பிரித்தார். உள்ளே கட்டைகள் பளபளவென்று இருந்தன. பெரிய தகரக் குவளை ஒன்றைத் தொட்டியில் முக்கினார். ஊற்றினார்.

"ஒண்ணு," என்றார்.

கடுகுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

"ரெண்டு. மூணு."

தண்ணீர் பட்ட கட்டைகள் டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி உப்பின, வெடித்தன, பொலபொலவென்று உதிர்ந்தன. நான்காவது குவளை வருவதற்குள் கடுகு மூட்டையின் குறுக்கே பாய்ந்து நின்றாள். நான்காவது அவள் சீருடை மேல் விழுந்தது.

"என்ன மாமா பண்றீங்க? எரிக்கிற சாமான்ல யாராவது தண்ணி ஊத்துவாங்களா? மூணு நாளா எங்கம்மாவை ஊரே திட்டுது. மெஷின் நின்னுபோச்சு. எல்லாம் நீங்க ஊத்தின தண்ணியா?"

"எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு," என்றார் மாஸ்டர் பாவமாக. "ஆனா சீட்டுல போட்டிருக்கே."

"எந்தச் சீட்டுல?"

"மூட்டையில கட்டியிருக்கிற சீட்டுலதான். எங்க தொழில்ல சீட்டுதாம்மா பேசும். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு மாதிரி தண்ணி குடிக்கும். புது மாவு வந்தா, நான் பிசைஞ்சு பாத்து 'நீர் பத்து', 'நீர் பதினொண்ணு'ன்னு எழுதி மூட்டையில கட்டிடுவேன். அப்புறம் யார் பிசைஞ்சாலும் மூட்டைக்குப் பத்துக் குவளை, பதினொரு குவளைன்னு கணக்கா ஊத்திடுவாங்க. இதுலயும் அதே மாதிரி இருந்துச்சு. புதுச் சாமானாச்சே, ஊற வெச்சு எரிக்கிறது போலன்னு ஊத்தினேன். போன வாரச் சீட்டுல ஈரப்பதம், சதவீதம்னு என்னமோ இருந்துச்சு, எனக்குப் புரியல, விட்டுட்டேன். இந்தத் தடவை கையெழுத்தும் அழகு, விஷயமும் தெளிவு."

அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

நீர் 8.

எட்டின் கீழ்வட்டம் மேல்வட்டத்தைவிடப் பெரிதாக, பொம்மை மாதிரி இருந்தது. வகுப்பில் அப்படி எட்டுப் போடுவது ஒரே ஒருத்திதான்.

கடுகு அந்த எட்டை இன்னொரு தடவை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அம்மா ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் கட்டையில் குத்தி, "ஈரப்பதம் எட்டு சதவீதம். பத்துக்குக் கீழ இருந்தா நல்லா எரியும். இந்தத் தடவை நீ எழுதும்மா, எனக்குக் கை ஒழியல," என்றாள். எழுத வேண்டியது இருபது சீட்டு. வெளியே தோழிகள் கயிறு சுற்றிக்கொண்டு கூப்பிட்டார்கள். ஈரம் என்றால் என்ன, நீர்தானே? கடுகு சுருக்கிவிட்டாள். இருபது சீட்டும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தன.

மதியத்திலிருந்து முதலாளி மேலும், மூக்கன் மேலும், இப்போது மாஸ்டர் மேலும் பாய்ந்த கோபம், போக இடம் தெரியாமல் அவள் முன்னாலேயே வந்து நின்றது.

"உக்காரு, துடைச்சுக்கத் துணி எடுத்துட்டு வரேன்," என்று மாஸ்டர் உள்ளே போனார்.

சீட்டு மெல்லிய சணல் கயிற்றில்தான் கட்டியிருந்தது. ஒரே இழுப்பு. எல்லாச் சீட்டையும் இழுத்துப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. மாஸ்டர் தண்ணீர் ஊற்றினார் என்று சொல்லலாம். பொய்கூட இல்லை. ஊற்றினாரே.

அவள் கை சீட்டுக்குப் போனது.

உள்ளே முதலாளியின் குரல் கேட்டது. "யோவ் மாஸ்டர், என்னய்யா இன்னைக்கும் புகை? அடுப்பு பாக்கத் தெரியுதா இல்லையா உனக்கு? நாளைக்கும் இப்படின்னா கட்டையோட நீயும் கிளம்பு."

பதிலுக்கு மாஸ்டரின் இருமல்தான் கேட்டது.

செய்யாத தப்புக்கு அம்மாவைத் திட்டியபோது எப்படி எரிந்தது என்று கடுகுக்குத் தெரியும். இப்போது அந்தச் சீட்டை ஒளித்தால், அதே வேலையை மாஸ்டருக்கு அவளே செய்தவளாவாள். நினைக்கவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. கயிற்றை இழுத்தாள். சீட்டைப் பையில் போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் சுற்றிக் கடைக்குள் போனாள்.

வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடை வாசலில் அம்மாவும் சல்லடை அத்தையும் மூட்டை ஏற்றத் தள்ளுவண்டியோடு அப்போதுதான் வந்து நின்றார்கள். அம்மாவைப் பார்த்ததும் கடுகு ஓர் அடி பின்வாங்கினாள். இருந்தாலும் சொன்னாள்.

"ஐயா, கட்டையில தப்பு இல்ல. அதுல தண்ணி ஊத்தியிருக்கு. அதனாலதான் புகை."

முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். "தண்ணியா? எவன் ஊத்தினது? யோவ் மாஸ்டர்."

"அவரைத் திட்டாதீங்க. அவரு சீட்டுல இருந்ததைச் செஞ்சாரு. சீட்டை எழுதினது நான். ஈரப்பதம் எட்டு சதவீதம்னு எழுத அம்மா சொன்னாங்க. விளையாடப் போற அவசரத்துல நீர் எட்டுன்னு எழுதிட்டேன். எட்டுக் குவளை ஊத்தச் சொல்றாங்கன்னு அவரு நினைச்சுட்டாரு."

வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"அப்ப தப்பு உங்க பக்கம்தானே?" என்றார் முதலாளி.

"ஆமா. என் பக்கம். எங்கம்மா பக்கம் இல்ல. கட்டை பக்கமும் இல்ல. வந்து பாருங்க."

முதலாளி எழுந்தார். அம்மாவும் ஓர் அடி எடுத்துவைத்துவிட்டு நின்றாள்.

"கை கழுவியாச்சு. வரலாமா?" என்று கேட்டாள்.

முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல், "வாங்க வாங்க," என்றார்.

சந்தில், புத்தகப் பையிலிருந்த துண்டுகளைக் கடுகு ஒரு தகரத் தட்டில் வைத்தாள். அம்மா பற்றவைத்தாள். மஞ்சளாய் நின்று எரிந்தது. முதலாளி குனிந்து முகர்ந்தார். ஒன்றும் கிடைக்காமல் இன்னும் குனிந்தார். மீசை கருகும் போலிருந்ததும் நிமிர்ந்தார்.

"ம்," என்றார்.

இருபது மூட்டையில் எட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தன. அம்மாவும் மாஸ்டரும் அடுப்பிலிருந்த சகதியை வாரி வெளியே போட்டார்கள். உலர்ந்த கட்டையை அடுக்கினார்கள். இந்தத் தடவை மாஸ்டர் ஊதவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அடுப்பைப் பார்த்தார். சந்தில் படுத்திருந்த புகை மெல்லக் கலைந்தது.

அம்மா கடுகு பக்கத்தில் வந்து நின்றாள். கடுகு தரையைப் பார்த்தாள்.

"கோபமாம்மா?"

"இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." அம்மா நனைந்த சீருடையின் காலரைப் பிழிந்துவிட்டாள். "அனுப்புறதுக்கு முன்னாடி நான் ஒரு சீட்டையாவது படிச்சிருக்கணும். அதையும் அப்பவே பேசிக்கலாம்."

முதல் தட்டு ரொட்டி வெளியே வந்தது. முதலாளி ஒன்றைப் பிய்த்து முகர்ந்து, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"சரி. விறகு லாரி வேண்டாம்னு சொல்லிடறேன். அந்த ஊறின மூட்டையில எரியாம மிச்சம் கிடக்கிறதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"போடாதீங்க," என்றாள் கடுகு. "வெயில்ல காய வெச்சா திரும்பத் தூளாயிடும். மெஷின்ல விட்டா திரும்பக் கட்டை. ஒரு பிடிகூட வீணாகாது. காய வெச்சுச் சலிக்கிறது என் வேலை."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் சல்லடை அத்தை. ஆனால் குரலில் சந்தோஷம் இருந்தது.

முதலாளி எல்லாம் முடிந்தது என்பது போலக் கையைத் தட்டிக்கொண்டு கடைப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு."

"இன்னும் என்ன?"

"எங்கம்மா விக்கிறது குப்பைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"அதான் தொடர்ந்து வாங்கறேன்னு சொல்லிட்டேனே."

"அது இந்தச் சந்துல இருக்கிற அஞ்சு பேருக்குத்தான் தெரியும். நான் என் தப்பை வரிசை முன்னாடிதான் சொன்னேன்."

முதலாளி அம்மாவைப் பார்த்தார், இந்தப் பெண்ணை அடக்குங்கள் என்கிற மாதிரி. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருக்கு அந்த நேரம் பார்த்துத் துண்டை மடிக்க வேண்டியிருந்தது.

முதலாளி பெருமூச்சு விட்டுக் கடைக்குள் போனார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். வரிசை இப்போது வாசல் வரை நீண்டிருந்தது. முதல் ஆளாகக் குடையோடு ஒரு பெரியவர் நின்றார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். கட்டையில தப்பு இல்லைங்க. நான்தான் விசாரிக்காம பேசிட்டேன்."

"என்னது, கட்டையும் விக்கிறியா?" என்றார் குடைக்காரப் பெரியவர்.

"இல்லைங்க. நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"உப்பா? உப்பெல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு."

வரிசையில் சிரிப்பு பரவியது. முதலாளி மூச்சை இழுத்துக்கொண்டார். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரலை எழுப்பினார்.

"தப்பு என்னோடதுங்க. இந்த அம்மா தர்றது சுத்தமான கட்டை. குப்பை இல்ல."

பெரியவர் காதைக் குடைந்துகொண்டு இரண்டு அடி பின்வாங்கினார். "அதை மெதுவாச் சொன்னா என்ன? எனக்கென்ன காது கேக்காதா?"

முதலாளியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடுகு மட்டும், புரியாதவர்கள் இன்னும் யாராவது வரிசையில் இருக்கிறார்களா என்று ஆவலோடு கடைசி ஆள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.